தொடாமல் ஆடிய கை

"எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான் மேடம். எங்க அம்மாவுக்கு இது தெரியக் கூடாது."

சசிகலா இதைச் சொன்னபோது சனிக்கிழமை காலை ஒன்பதே கால். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடி அறையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியப்பன் நீட்டிய டீ கிளாஸை வாங்கிக் குடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். 

மேஜைக்கு அந்தப் பக்கம் மலர்கொடி. பதினெட்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, ஏட்டம்மாவாகவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தவள். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை இமைக்க மாட்டாள். அவளுக்கு உதவியாளன், டிரைவர், டீ மாஸ்டர் எல்லாமே கொளஞ்சிதான். அரும்பாவூர் மினி பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன். பஸ் நின்றுபோனது, விசில் மட்டும் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. வாயும்தான்.

"மொதல்லேருந்து சொல்லும்மா" என்றாள் மலர்கொடி.

"என் தம்பி அரவிந்தன். இருபத்தேழு வயசு. அரியலூர்ல ரூம் எடுத்து, ஃப்ரெண்டு பூவரசனோட சேர்ந்து போன்ல ஆடற கேம் செய்யறான். புதன்கிழமை சாயந்தரத்துலேருந்து அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன். 'உன் தம்பி தெனமும் கேம் ஆடிக்கிட்டுத்தான் இருக்கான், நீ ஏம்மா அழுவுற'ன்னு அனுப்பிட்டாங்க."

"கேம் ஆடறானா?"

"அவன் ஐடியில ஆட்டம் வருது மேடம். வியாழக்கிழமை வந்திருக்கு, நேத்தும் வந்திருக்கு. பூவரசன்தான் போலீஸுக்குக் கம்ப்யூட்டர்ல காட்டியிருக்கான். மெட்ராஸுக்கு ரயிலேறிப் போயிட்டான்னும் சொல்றான். ஆனா..." சசிகலா கிளாஸை மேஜையில் வைத்தாள். "நேத்து என் பொண்ணுக்குப் பொறந்த நாள். போன வருஷம் காய்ச்சல்ல கெடந்துக்கிட்டே போன் பண்ணுனவன். நேத்து பண்ணலை."

"தாய்மாமன் போன் பண்ணலேன்னா அது காணாமப்போன கேஸ்தான் மேடம்" என்றான் கொளஞ்சி. "மச்சான் போன் பண்ணலேன்னா அது நிம்மதி."

மலர்கொடி அவனைப் பார்த்த பார்வையில் டீ ஆறியது. "அம்மாவுக்கு ஏன் தெரியக் கூடாது?"

"ரத்தக்கொதிப்பு மேடம். அப்பா போனப்புறம் தம்பிதான் அவங்களுக்கு உசுரு. ஜெயங்கொண்டத்துல முந்திரி ஒடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போறாங்க. தம்பி மெட்ராஸ் போயிருக்கான்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். நல்லவேளை, ஒரு பட்டன் போன்தான் வச்சிருக்காங்க. பெரிய போனைத் தொடத் தெரியாது. தொட்டாலும் அது கேக்காது. முந்திரிக் கொட்டைப் பால் பட்டுப் பட்டு வெரல் தோலே போச்சு. ரேஷன் கடையில மாசாமாசம் கைரேகை விழாம அல்லாடுவாங்க."

"சரி. அம்மாவை விட்டுடுவோம்" என்றாள் மலர்கொடி.

அந்த மூன்று வார்த்தைக்காக அன்று மத்தியானம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அரியலூர் ரயில்வே கேட் பக்கம், இரும்புக்கடை மாடியில் ஒற்றை அறை. சிமெண்ட் லாரி ஒவ்வொன்று போகும்போதும் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொண்டது. உள்ளே இரண்டு மேஜை, ஏழெட்டு போன், எங்கு பார்த்தாலும் ஒயர். பூவரசன் கதவைத் திறந்தவுடன் "வாங்கக்கா" என்றான். சசிகலாவின் முகத்தைப் பார்க்காமல், அவள் செருப்பைப் பார்த்துச் சொன்னான். கண் இரண்டும் சிவந்திருந்தன. தூங்கி நாளாகிறது என்று கொளஞ்சி கணக்குப் போட்டுக்கொண்டான்.

"அப்படி என்ன கேம் செய்யறீங்க?" என்று ஆரம்பித்தாள் மலர்கொடி.

வேலையைப் பற்றிக் கேட்டதும் பையனின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "கேம் பெரிசில்லீங்க, கன்ட்ரோல்தான் பெரிசு. எல்லா கேம்லயும் கண்ணாடி மேல வெரலை வச்சுத் தேய்க்கணும். வெரலே பாதி ஆட்டத்தை மறைச்சுடும். ஆனா போன் வாங்கும்போதே உள்ளுக்குள்ள சாய்ச்சா தெரியற சென்சார் இருக்கு, திருப்பினா தெரியற சென்சார் இருக்கு, அதிர்ந்தா தெரியற சென்சார் இருக்கு. யாரும் உருப்படியா பயன்படுத்தறதில்ல. அரவிந்தன் அதை மட்டும் வச்சே முழு ஆட்டமும் ஆட வச்சான். போன் முதுகுல மூணு தட்டு தட்டினா கேம் தொறக்கும். சாய்ச்சா வண்டி திரும்பும். முன்னால தள்ளினா வேகம். ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு தினுசா நடுங்குமில்ல, அந்த நடுக்கத்தை போன் கத்துக்கும். பத்து நாள் ஆடினா உங்க அளவுக்குத் தைச்ச சட்டை மாதிரி ஆயிடும்."

"என்ன வண்டி?" என்றான் கொளஞ்சி.

"மலைப்பாதையில மினி பஸ்."

கொளஞ்சியின் கை தானாக நீண்டது. ஸ்டூலில் உட்கார்ந்து, போன் முதுகில் மூன்று தட்டுத் தட்டினான். பஸ் கிளம்பியது. முதல் வளைவில் போனோடு சேர்ந்து அவனும் சாய்ந்தான். இரண்டாவது வளைவில் ஸ்டூலும் சாய்ந்தது. தரையில் கிடந்தபடி போனைப் பார்த்தான்.

"நாப்பத்திரெண்டு பேர் மேடம். ஒருத்தர் மிஞ்சலை. நான் கண்டக்டராவே இருந்தது ஜனங்க செஞ்ச புண்ணியம்."

யாரும் சிரிக்கவில்லை. மலர்கொடி பூவரசனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அரவிந்தன் எப்ப கெளம்பினான்?"

"புதன்கிழமை மத்தியானம் ரெண்டே கால். நான்தான் பைக்ல ரயில்வே ஸ்டேஷன்ல எறக்கி விட்டேன். திங்கக்கிழமை மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்கு இதை ஆடிக் காட்டணும். முன்னாடியே போறேன்னான்."

"போன் ஏன் ஆஃப்ல இருக்கு?"

"சிம் மாத்தியிருப்பான்."

தரையிலிருந்து எழுந்த கொளஞ்சியின் கண் சுவரோரம் ஒரு பிளக்கில் நின்றது. பச்சை டேப் சுற்றிய சார்ஜர். "இது யாரோடது தம்பி?"

"அரவிந்தனோடது" என்று நாக்கு முந்திக்கொண்டது. பிறகுதான் பூவரசனின் முகம் மாறியது.

"மெட்ராஸுக்குப் போறவன் பொண்டாட்டிய மறந்துட்டுக்கூடப் போவான் மேடம். சார்ஜரை மறப்பானா?"

"வே... வேற வாங்கியிருப்பான்."

"அந்த லிஸ்ட்டைக் காட்டு" என்றாள் மலர்கொடி.

லேப்டாப்பில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. தேதி, நேரம், கண்ணாடியை எத்தனை முறை தொட்டார்கள், கை ஒத்துப்போகிறதா, எப்படி அதிர்ந்தது என்று ஒரு அலைக்கோடு, கடைசியில் ஓர் எண் என்று கட்டம் கட்டமாக ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலே நேற்றைய ஆட்டம்.

"நேத்து மத்தியானம் ஒண்ணு ஆறு. தொட்டது சைபர். வியாழக்கிழமை ஒண்ணு பதினொண்ணு. அதுலயும் சைபர். ஒரு தரம்கூடத் தொடாமயா ஆடுவான்?"

"டெஸ்ட் பண்றதுக்காக அப்படி..."

"அரவிந்தன் கையோட ஒத்துப்போகலைன்னு செவப்புல காட்டுதே?"

"அது இன்னும் சரியா வேலை செய்யலைங்க. ரயில்ல, பஸ்ல ஆடினா மாறும்."

கொளஞ்சி குனிந்து மலர்கொடியின் காதில் சொன்னான். "தொடாம ஆடறவன் ரெண்டே ஜாதி மேடம். ஒண்ணு பேய். இன்னொண்ணு, ரேகை விழக் கூடாதுன்னு கையுறை போட்டவன்."

ரகசியம் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. சசிகலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என் தம்பியக் கடத்திட்டாங்களா?" கொளஞ்சி நாக்கைக் கடித்துக்கொண்டான். 

மலர்கொடி மேஜைக்கு நகர்ந்தாள். பூவரசனின் கையை நகர்த்திவிட்டு அவளே பட்டியலைக் கீழே தள்ளினாள். புதன்கிழமைக்கு இரண்டு ஆட்டம்: மூன்று மணி இரண்டு நிமிஷம், ஒரு மணி எட்டு நிமிஷம். செவ்வாய் ஒரு மணி. திங்கள் ஒரு மணி. தள்ளத் தள்ள ஒரு மணி ஆட்டங்கள் வந்துகொண்டே இருந்தன, அத்தனையும் தொடாதவை, அத்தனையும் சிவப்பு. அவள் தன் போனில் படம் பிடித்தாள். இரண்டாவது படம் எடுத்ததும் பூவரசன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான்.

"கம்பெனி ரகசியங்க இது."

"ரகசியம்தான். ஆனா கம்பெனியோடது இல்ல" என்றாள் மலர்கொடி.

ஆம்னி வேன் கிளம்பவில்லை. மலர்கொடி முன்சீட்டில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் சசிகலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொளஞ்சி, உன் கையுறைக்காரனையே எடுத்துக்குவோம். புதன்கிழமை அவன் அரவிந்தனைக் கடத்தினான். சரி. போன மாசமே எதுக்கு அரவிந்தன் பேர்ல ஆடணும்?"

"ஒத்திகையா இருக்குமோ?"

"மாசம் பூரா ஒத்திகை. ஞாயித்துக்கிழமை லீவு. தெனமும் ஒரு மணி. ஒரு மணின்னா என்ன நேரம்?"

கண்டக்டர் மூளை இதற்கு யோசிக்கவே இல்லை. "சோத்து நேரம். காலையில ஏறி, மணி அடிச்சா சாப்பிட்டு, சாயந்தரம் எறங்கற ஆளு. கொள்ளைக்காரன் இல்ல மேடம். கூலிக்குப் போற ஆளு."

"இதையும் பாரு. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னால போனை எதுலயோ வைக்கறாங்க. வச்ச எடம் அதிருது. டொக், டொக், டொக்குன்னு ஒரே சீரா. எல்லா ஒரு மணி ஆட்டத்துலயும் இருக்கு. புதன்கிழமை மூணு மணி ஆட்டத்துல மட்டும் அது இல்ல. அதுல கண்ணாடியை நாலு தரம் தொட்டிருக்கு. கையும் ஒத்துப்போகுது."

"இன்னொண்ணும் இருக்கு மேடம்." கொளஞ்சி எட்டிப் பார்த்தான். "லிஸ்ட்டோட கடைசிக் கட்டத்துல எல்லா ஆட்டமும் ஒம்பது புள்ளி எட்டுல முடியுது. அந்த மூணு மணி ஆட்டம் மட்டும் சைபர்ல முடியுது. ஃபெயிலா?"

"தெரியலை. மறந்துடாத அதை." மலர்கொடி போனை மடியில் வைத்தாள். மெதுவாகப் பின்னால் திரும்பிச் சசிகலாவைப் பார்த்தாள். "உன் தம்பி இந்த போனுக்கு முன்னால வச்சிருந்த பழைய போன் எங்கம்மா?"

"தெரியலையே மேடம். யாருக்காச்சும் குடுத்திருப்பான்."

"நீ போட்ட கண்டிஷனை ஒடைக்கப் போறேன். கொளஞ்சி, ஜெயங்கொண்டத்துக்கு வுடு."

"வேணாம் மேடம்!" சசிகலா சீட்டின் முதுகைப் பற்றினாள். "அம்மா தாங்க மாட்டாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரு உசுரைத் தேடப் போயி இன்னொரு உசுரை..."

மலர்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. கொளஞ்சி கியரைப் போட்டான். வழி முழுக்க அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்ததுமே கண் எரிந்தது. வறுத்த முந்திரிக்கொட்டையின் காரப்புகை. இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கல்லில் கொட்டையை வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். டொக். டொக். டொக். தரை லேசாக அதிர்ந்தது. கொளஞ்சி தன் உள்ளங்காலில் அதை உணர்ந்தான். மலர்கொடியைப் பார்த்தான். அவள் ஏற்கனவே ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் தன் பங்கை முடித்துவிட்டு, சாம்பலால் கை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போன் ஒன்றை எடுத்தாள். மூலை உடைந்த போன். அதைக் கல்மேல் ஒரு நிமிஷம் படுக்க வைத்தாள். பிறகு எடுத்து, முதுகில் மூன்று தட்டுத் தட்டினாள்.

மலைப்பாதை விரிந்தது. மினி பஸ் கிளம்பியது. கொளஞ்சி ஸ்டூலோடு விழுந்த அந்த இரண்டாம் வளைவை அவள் மணிக்கட்டு ஒரு சொடக்கில் கடந்தது. மூன்றாவது, ஐந்தாவது, ஒன்பதாவது. விரல் கண்ணாடியில் படவே இல்லை. பட்டும் பயனிருந்திருக்காது. பத்து விரல் நுனியும் கறுத்து, தடித்து, தோல் உரிந்து, ரேகை என்று ஒரு கோடுகூட இல்லாமல் வழுவழுவென்றிருந்தன.

மணி ஒன்று பத்து.

பஸ் அடிவாரம் சேர்ந்தபிறகுதான் அவள் நிமிர்ந்தாள். "யாருங்க? என்ன வேணும்?"

"நீங்க... அரவிந்தனோட அம்மாவா?"

"ஆமா, கலியம்மா. தம்பியத் தெரியுமா உங்களுக்கு?" முகம் மலர்ந்தது. "அதுதான் இந்தப் போனைக் குடுத்துச்சு. 'தெனம் ஒரு ஆட்டம் ஆடும்மா, ஒரு நாள் வுட்டாலும் போன் ஒன் கையை மறந்துடும்'னு சொல்லிச்சு. நா ஒரு நாள்கூட வுடலை. ரேஷன் கடை மிசினு என்னை ஆளே இல்லங்குது, இது என்னை அடையாளம் கண்டுக்குது பாருங்க. திங்கக்கெழமை கம்பெனிக்காரங்ககிட்ட எங் கையத்தான் காட்டப் போவுதாம்."

"யார் பேர்ல ஆடறீங்கம்மா?"

"பேரு என்னாத்தக் கண்டேன். தம்பி போட்டுக் குடுத்தது அப்படியே இருக்குது."

கொளஞ்சி மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். வியாழன், வெள்ளி. கையுறை போட்ட கடத்தல்காரன். அரவிந்தன் உயிரோடு இருக்கிறான் என்று போலீஸ் நம்பியது இந்தக் கையை வைத்து. தேடலை நிறுத்தியதும் இந்தக் கையை வைத்துத்தான். தன் பிள்ளைக்காக ஒரு நாள் விடாமல் ஆடிய ஆட்டம், அந்தப் பிள்ளையை யாரும் தேடாதபடி செய்துவிட்டது.

பின்னால் ஏதோ சரிந்தது. கொட்டகை வாசலில் சசிகலா உடைத்துப்போட்ட முந்திரி ஓட்டுக்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"சசி? நீ எங்கடி இங்க?" கலியம்மாள் மகளைப் பார்த்தாள். மலர்கொடியைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். "தம்பிக்கு என்னாச்சு?"

மலர்கொடி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "உங்க மகன் மெட்ராஸ் போகலைம்மா. புதன்கிழமையிலேருந்து காணோம். உங்களுக்குச் சொன்னா தாங்க மாட்டீங்கன்னு உங்க பொண்ணு மறைச்சுடுச்சு."

சுற்றிலும் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கலியம்மாள் மயங்கவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. மகளைப் பார்த்து மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா ஆடறது நாந்தான்டின்னு அன்னைக்கே சொல்லியிருப்பேனே. மூணு நாளா நா ஆடுனத வச்சுல்ல அவனத் தேடாம வுட்டுட்டீங்க."

சசிகலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். 

மலர்கொடி எழுந்து பூவரசனுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஒரு மணி ஆட்டம் அத்தனையும் அரவிந்தனோட அம்மா ஆடினது. அதையெல்லாம் கழிச்சாச்சு. மிச்சம் ஒரே ஆட்டம். புதன்கிழமை மூணு ரெண்டு. சைபர்னா என்ன?"

 "அம்மாவா?" என்றான் பூவரசன். "ஐயோ... சோத்துக்கு வெளிய போறப்ப அவனே ஆடறான்னுல்ல நெனச்சிருந்தேன். அவன் இல்லையா அது?"

"சைபர்னா என்னடா?"

"போன் கையில இருந்தாலும், மேஜையில கெடந்தாலும் அந்த சென்சார் ஒம்பது புள்ளி எட்டு காட்டுங்க. சைபர்..." அவன் அழ ஆரம்பித்தான். "கீழ விழும்போது மட்டும்தாங்க சைபர் வரும்."

"எவ்வளவு நேரம் விழுந்திருக்கு?"

"ஒண்ணரை விநாடி. முப்பத்தாறு அடி."

"கணக்குப் போடாமயே சொல்றியே."

"அன்னைக்கே போட்டுட்டேங்க." வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. "குவாரியில வெடி வச்சா சுத்துப்பட்டு ஊர்ல ஆடறவங்க போன் குலுங்குது, பஸ் பள்ளத்துல விழுந்துடுது. அந்தக் குலுக்கல் எப்படியிருக்குன்னு ஒரு தரம் புடிச்சுட்டா, அப்புறம் அதைக் கண்டுக்காதன்னு போனுக்குச் சொல்லிடலாம். கிட்டத்துல போய்ப் புடிச்சுட்டு வாடான்னு நான்தான் வெரட்டினேன். ஸ்டேஷன்ல எறக்கலைங்க. பழைய கல்லுக்குழி இருக்கே, அந்த மேட்டுல எறக்கி விட்டுட்டு, வெயிலா இருக்குன்னு நான் திரும்பிட்டேன். சாயந்தரம் போய்க் கூப்பிட்டேன், சத்தமே இல்ல. பயந்துட்டேன். மறுநாள் ஒண்ணு பதினொண்ணுக்கு அவன் பேர்ல ஆட்டம் வந்துச்சுங்க! உசுரோட இருக்கான், எம்மேல கோவத்துல எங்கயோ போயிட்டான்னு நெனச்சேன். அப்படி நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்போல இருந்துச்சு."

"வந்துச்சா?"

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அந்தப் பக்கத்துல வெடி எப்பல்லாம் வைப்பாங்க?"

"வாரத்துல ரெண்டு நாள். புதன், சனி." சட்டென்று அவன் குரல் மாறியது. "இன்னைக்கு சனிங்க! மூணு மணிக்கு!"

கலியம்மாள் ஏற்கனவே வேனை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

அந்த அறுபது கிலோமீட்டரைக் கொளஞ்சி எப்படி ஓட்டினான் என்று பிற்பாடு அவனாலேயே சொல்ல முடியவில்லை. மலர்கொடி தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னாள். ஸ்டேஷனுக்குச் சொன்னாள். குவாரி நம்பரைத் தேடிப் பிடித்து அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்சீட்டில் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு லோடு லாரி வழிவிடாமல் போனது. கொளஞ்சி கையை வெளியே நீட்டி லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தான்.

பூவரசன் சாலையோரம் பைக்கோடு நின்றிருந்தான். கருவேலங்காட்டுக்கு நடுவே வெள்ளை மேடு. அதற்கு அந்தப் பக்கம் கைவிட்ட சுண்ணாம்புக் குழி. இன்னும் ஐந்நூறு அடி தள்ளி இப்போது வெட்டிக்கொண்டிருக்கிற குவாரி. மேட்டுக்கு ஏறியபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

சைரன் ஊளையிட ஆரம்பித்தது.

குழியின் விளிம்பில் புதுசாக மண் சரிந்த வடு இருந்தது. கீழே பச்சைத் தண்ணீர். அதற்கு மேலே ஒரு பாறைத்திட்டு, சரிந்த கற்குவியல். மறுபடி ஒரு குலுக்கல் வந்தால் மேலே தொங்கிக்கொண்டிருந்த மிச்ச மண்ணும் வந்து விழும். அதைச் சொல்ல இன்ஜினியர் தேவையில்லை.

"கொளஞ்சி!" என்றாள் மலர்கொடி.

அவன் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தான். தொப்பையோடு, செருப்பில்லாமல், முள்ளுக்கும் கல்லுக்கும் நடுவே. தூரத்தில் சிவப்புக் கொடி தெரிந்தது. கொடிக்காரன் சைரன் சத்தத்தில் இவன் கத்துவதைக் கேட்கவில்லை. கொளஞ்சி சட்டைப்பையில் கையை விட்டான். பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் போகலாம். ஒரு விசில் என்றால் நிற்கணும். பன்னிரண்டு வருஷத்தில் ஊதிய ஒற்றை விசில்களிலேயே நீளமானதை ஊதினான். மூச்சு முட்ட, கண் இருட்ட, நிறுத்தாமல் ஊதினான்.

கொடிக்காரன் திரும்பினான். கொடியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். சைரன் பாதியில் அறுந்தது.

கொளஞ்சி நாலு குவாரி ஆட்களோடும் ஒரு சுருள் வடக்கயிற்றோடும் மேட்டுக்குத் திரும்பி வந்தான். சசிகலா தொண்டை கிழியக் கத்தி முடித்திருந்தாள். பூவரசன் முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டு கிடந்தான். குழிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மூன்று நாள் வெயில், மூன்று நாள் பனி. குவாரி ஆட்களில் மூத்தவர் கீழே பார்த்துவிட்டு, மெல்லத் தலைத்துண்டை அவிழ்த்தார். கொளஞ்சிக்கு அந்தத் துண்டைப் பிடுங்கித் திரும்ப அவர் தலையிலேயே கட்டிவிட வேண்டும்போல இருந்தது.

கலியம்மாள் கத்தவில்லை. விளிம்பில் குப்புறப் படுத்தாள். பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். அந்த ரேகையில்லாத கையால் பாறையில் தட்டினாள்.

டொக். டொக். டொக்.

காத்திருந்தாள். காற்று மட்டும் வந்தது.

மறுபடி மூன்று.

கொளஞ்சி மூச்சை அடக்கிக்கொண்டான்.

கீழே, கற்குவியலுக்குப் பின்னாலிருந்து, கூழாங்கல் உருண்டதுபோல மெலிதாக ஒன்று கேட்டது. டொக்.

நெடுநேரம் கழித்து இன்னொன்று. டொக்.

எல்லோரும் மூன்றாவதுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அது வரவில்லை. மலர்கொடி, வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணாவது தட்டக் கையில தெம்பில்ல அவனுக்கு" என்றாள் கலியம்மாள், குழியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எறங்குங்கய்யா. அது என் புள்ள கைதான். எனக்குத் தெரியும்."

கொளஞ்சி கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான்.